வாசகர் கேள்வி பதில்: 68 என்று எழுதிய தாள்

கேள்வி: மகன் தரம் 3 படிக்கிறான். வாசிப்பு வரவில்லை என்று டீச்சர் சொன்னதால் டவுனுக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்தோம். சிங்களத்தில் கேட்டார்கள், நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ். பிள்ளை வாயே திறக்கவில்லை. நுண்மதி ஈவு (ஐ.கியூ.) 68 என்று எழுதித் தந்திருக்கிறார்கள். பாடசாலையில் தனி வகுப்பாக இருக்கும் விசேட கல்வி அலகில் சேர்க்கவா?
- ஒரு தாய், தலவாக்கலை

பதில்: தங்கச்சி, அந்தத் தாளை மடித்து அலுமாரியில் வையுங்கள். கிழித்துவிட வேண்டாம், பிறகு காட்ட வேண்டி வரும். ஆனால் அதிலுள்ள 68 உங்கள் மகனுடைய புத்தியின் அளவு என்று நான் நம்பமாட்டேன். அவனுக்குச் சிங்களமும் இங்கிலீஷும் எவ்வளவு விளங்கியது, புது ஆட்களைப் பார்த்து எவ்வளவு பயந்தான் என்பதெல்லாம் அதற்குள் கலந்து கிடக்கிறது, அதில் எது எவ்வளவு என்று டெஸ்ட் எடுத்தவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வில்லங்கம் இல்லை. கலிபோர்னியாவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிற பிள்ளைகளை இங்கிலீஷில் சோதித்து மந்தபுத்தி வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். 9 பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டார்கள். டயானா வழக்கு என்பார்கள். 1970இல் அது இணக்கத்துக்கு வந்து, இனி வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும், ஏற்கனவே அந்த வகுப்பில் இருப்பவர்களைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று ஆனது. 1975இல் வந்த அமெரிக்கச் சட்டமோ, ஒரே ஒரு சோதனையை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது.

அப்புறம் இந்த எண்ணைப் பற்றி. சராசரி 100. சுமார் 70க்குக் கீழே போனால்தான் அறிவுசார் குறைபாடோ என்று யோசிக்கத் தொடங்குவார்கள், அதுவும் எண்ணை மட்டும் பார்த்து அல்ல. நல்ல சோதனையிலேயே சில புள்ளிகள் முன்பின் விழும், ஆகவே 68க்கும் 72க்கும் நடுவில் கோடு கிழிப்பது வீண் வேலை. கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசைச் சரியாகக் கொண்டு வருகிறானா, தானே குளித்து உடுத்துகிறானா, மற்றப் பிள்ளைகளோடு விளையாட்டில் சேருகிறானா? இதையெல்லாம் உங்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்டார்களா?

முதலில் கண்ணையும் காதையும் அரசாங்க வைத்தியசாலையில் பாருங்கள். நான் தரம் 4இல் ஒரு வருடம் பின் வாங்கில் 'மக்கு' என்ற பெயரோடு இருந்தவன், கண்ணாடி போட்ட பிறகுதான் கரும்பலகையில் எழுத்து இருக்கிறதே என்று தெரிந்தது! அதன்பின் தமிழில் சோதிக்கக்கூடியவர் யார் என்று வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் கேளுங்கள். தமிழில் பார்த்தும் உதவி தேவை என்று வந்தால் தயங்காமல் அலகில் சேருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோதனை பிழையாக இருப்பதுதான் பிழை, அலகு அல்ல.

கேள்வி: விசேட கல்வி, உளவியல் சோதனைத் துறையில் ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை எச்-சுட்டெண்ணால் அளக்கலாமா?
- ஆசிரியப் பயிலுநர், பத்தனை

பதில்: அளக்கிறார்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. உங்களுடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றையும் மற்றவர்கள் குறைந்தது 20 தடவையாவது மேற்கோள் காட்டியிருந்தால் உங்கள் சுட்டெண் 20. பதவி உயர்வுக் கோப்புக்கு நல்லது, சரி.

ஆனால் லாயிட் டன் என்ற விசேட கல்வி ஆய்வாளரை எடுத்துப் பாருங்கள். 1959இல் பீபாடி படச் சொற்சோதனையைக் கொண்டுவந்தவர். சோதிப்பவர் ஒரு சொல்லைச் சொல்வார், பிள்ளை நாலு படத்தில் ஒன்றைத் தொட்டுக் காட்டும், பேசத் தேவையில்லை. (கவ்வாத்துக் கத்தி, மட்டக்குச்சி, கொழுந்துக் கூடை என்று தேயிலைத் தோட்டத்துச் சாமான்களைப் படமாக வைத்தால் நம் லயத்துப் பிள்ளை யோசிக்காமல் தொடும், கொழும்புப் பிள்ளை முழிக்கும். யாருடைய சொல் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.) அதே மனிதர் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். சுமார் 20 வருடம் தானே ஆதரித்த தனி வகுப்புகளில் இருப்பவர்களில் 60 முதல் 80 சதவீதம் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் என்பது தன் கணிப்பு, இலேசான குறைபாடு உள்ளவர்களை இப்படிப் பிரித்து வைப்பதில் பெரும்பகுதிக்கு நியாயமில்லை என்று போட்டு உடைத்தார். துறையே ஆடிப்போனது. 1987இல் ஸ்பானிய மொழிப் பிள்ளைகளின் குறைந்த புள்ளிக்குப் பரம்பரையும் ஒரு காரணம் என்று எழுதி, சக ஆய்வாளர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவர்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1968ஐப் பாராட்டியதும் மேற்கோள், 1987ஐக் கண்டித்ததும் மேற்கோள். சுட்டெண்ணுக்கு இரண்டும் ஒன்று. எனக்கு ஒன்று இல்லை. முதல் கேள்வி கேட்ட தாயின் பையன் அலகுக்குப் போகிறானா, வகுப்பில் இருக்கிறானா என்ற இடத்தில்தான் நான் தாக்கத்தைத் தேடுவேன், அதற்கு எந்தத் தரவுத்தளத்திலும் பெட்டி கிடையாது.

கேள்வி: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளை மெல்லக் கற்பவரா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறுகிறது. பதுளையில் ஒரு புள்ளி, கொழும்பில் வேறு புள்ளி. ஒரே புள்ளி எடுத்த பிள்ளை ஓரிடத்தில் தேறும், இன்னோரிடத்தில் தேறாது என்றால் அது புத்தியின் அளவாகுமா? பிள்ளையை அந்தப் பேச்சே எடுக்காமல் விளையாட விடுங்கள்.