புற்று இல்லையென்றால் எப்படிப் பரவியது?

வணக்கம் டாக்டர்,

அம்மாவுக்கு 47 வயது. ஒன்பது வருடத்துக்கு முன் ஃபைப்ராய்டு கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாகத் தெரிகிறது. இருமல்கூடக் கிடையாது. பயாப்சி ரிப்போர்ட்டில் ‘பினைன் மெட்டாஸ்டசைசிங் லியோமயோமா’ என்று இருக்கிறது. புற்று இல்லையாம், ஆனால் பரவியிருக்கிறதாம். இதை ஸ்கேனிலேயே சொல்லிவிட முடியாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முடியாது. ஸ்கேன் படிப்பதுதான் என் பிழைப்பு, இருந்தும் சொல்கிறேன். சி.டி.யில் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் வழுவழுப்பான ஓரத்தோடு, இரண்டு பக்கமும் சிதறி, சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை தெரியும். சுண்ணாம்பு படிவது அபூர்வம். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றும் பல நேரம் இதே மாதிரிதான் இருக்கும். மாணவனாக இருந்தபோது இப்படியொரு படத்துக்கு ‘பரவிய புற்று’ என்று எழுதிவிட்டு, பழைய ஆபரேஷனைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று பேராசிரியரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். புற்று பல நேரம் பளிச்சென்று தெரியும் பெட் ஸ்கேனில் இவை பொதுவாக மங்கலாகவே தெரியும். அதை மட்டும் நம்பியும் முடிவு கட்ட மாட்டோம்.

1939இல் பால் ஸ்டைனர் என்ற நோயியல் மருத்துவர் இதைப் பற்றி எழுதியதிலிருந்து பெயரில் இந்தக் குழப்பம் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் சாதாரண ஃபைப்ராய்டின் தசைச் செல்கள்தான், வேகமாகப் பெருகும் அடையாளம் இருக்காது. கர்ப்பப்பையிலிருந்து ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போய்த் தங்கியவை என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். எலும்பில் வரும் ‘ஜயன்ட் செல்’ என்ற புற்றல்லாத கட்டியும் அபூர்வமாக இப்படி நுரையீரலுக்குப் போவதுண்டு.

அம்மாவின் ஆபரேஷனில் சினைப்பையை விட்டுவைத்தார்களா என்று கேளுங்கள். இந்தச் செல்கள் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரக்கூடியவை. மாதவிடாய் நிரந்தரமாக நிற்கும் வயதுக்குப் பின் தானாகச் சுருங்கியதும் உண்டு. சிலருக்கு ஹார்மோனை அடக்கும் மருந்து தருவார்கள், சிலரை அவ்வப்போது சி.டி. எடுத்துக் கவனித்தாலே போதும். எது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. கர்ப்பப்பை எடுத்த ஆஸ்பத்திரியில் அந்தத் திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக் இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அன்று ஃபைப்ராய்டு என்று சொன்னது உண்மையிலேயே ஃபைப்ராய்டுதானா, சார்கோமா என்ற தசைப் புற்றா என்று இப்போதைய திசுவோடு வைத்துப் பார்க்க அது வேண்டும். இடையில் எடுத்த மார்பு எக்ஸ்ரே ஏதாவது பீரோ மேலேயோ மெத்தைக்கு அடியிலோ கிடந்தால் அதையும் கொண்டுபோங்கள். கட்டி எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும்.