பலகையும் கண்ணும்

அன்புள்ள ஐயா,

ஓராண்டாக நள்ளிரவில் எழுந்து, மனதில் வருவதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் திருத்துவதில்லை. திருத்துவது ஆழ்மனத்துக்குச் செய்யும் துரோகம் அல்லவா? இந்தக் கவிதைகளை நான் அனுப்பிய இதழ்கள் எல்லாம் திருப்பிவிட்டன. ஆழ்மனத்தைத் தடையில்லாமல் பேசவிடும் சர்ரியலிசம் இங்கே யாருக்கும் புரியவில்லையா? ஆழ்மனத்தை ஆராய்ந்த மருத்துவர் பிராய்டாவது அதை ஏற்றாரா?

கே.

அன்புள்ள கே,

பன்னிரண்டு கவிதைகளையும் படித்தேன். இதழாசிரியர்களைத் திட்டாதீர்கள், நானும் திருப்பித்தான் இருப்பேன். பிராய்டு, சர்ரியலிசம் எதை நாடுகிறது என்பதே தனக்கு விளங்கவில்லை என்று 1932இல், அந்த இயக்கத்தைத் தொடங்கிய பிரெஞ்சுக் கவிஞர் பிரெத்தோனுக்கு எழுதினார். 1938இல் லண்டனில் சர்ரியலிச ஓவியர் டாலியைச் சந்தித்த பிறகு கொஞ்சம் இளகினார். அது போகட்டும். அவர் சம்மதம் உங்களுக்கு எதற்கு?

நள்ளிரவு என்றீர்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இருபத்துமூன்று வயதில், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில், நானும் இதையே செய்தேன். மனதில் வருவதைத் தடுக்காமல் எழுதச் சொன்ன பிரெத்தோனின் 1924 சர்ரியலிச அறிக்கையைப் பற்றி எங்கோ படித்த வேகம். நாற்பது இரவுகளில் ஒரு குயர் நோட்டு தீர்ந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். பாதி சினிமாப் பல்லவி. பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள் துண்டுகள். பக்கத்துக்குப் பக்கம் நிலா. ஆழ்மனம் என்று நினைத்து நான் திறந்தது பரணை. பக்கத்து அறைக்காரருக்குத் தர வேண்டிய முந்நூறு ரூபாய் ஒரே ஒரு இடத்தில் வந்திருந்தது. என்னுடையது அது மட்டும்தான். கவிதைக்கு ஒவ்வாது என்று அதைத்தான் அடித்து வைத்திருந்தேன்!

பிரெத்தோன் சும்மா கிறுக்க வந்தவரல்ல, தம்பி. முதல் உலகப்போரில் மருத்துவ மாணவராக மனநோய்ப் பிரிவில் இருந்து, மனம் சிதைந்த சிப்பாய்களின் பேச்சைக் கேட்டவர். முதலில் காது, பிறகுதான் கை.

சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டைப் பாருங்கள். 1925 ஆகஸ்ட் 10, பிரான்சின் போர்னிக் கடற்கரை, மழை. விடுதி அறையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தரைப்பலகையின் ரேகைகள் அவரை விடாமல் இழுக்கின்றன. தாளைக் கை போன இடத்தில் போட்டு, பென்சில் கரியால் தேய்க்கிறார். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே பள்ளிக்கூட வித்தைதான். பிறகு இலை, சாக்குத்துணி என்று கிடைத்ததையெல்லாம் தேய்க்கிறார். அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில் 34 படங்கள். மரரேகை கடலாகியிருக்கிறது, இலை மரமாகியிருக்கிறது. தாள் விழும் இடத்தைத் தற்செயலுக்கு விட்டார், சரி. எதை எதோடு சேர்ப்பது, எங்கே கையை எடுப்பது என்பதையுமா விட்டார்? தேய்த்த தாளையெல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது பலகைதான். பலகை எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. நீங்கள் ஓராண்டாகப் பலகையைப் பெயர்த்துப் பெயர்த்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குத் துரோகம், விசுவாசம் என்று பெரிய பேர் வேறு. சோம்பல் என்று சொல்லுங்கள், மன்னித்துவிடுவேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழாவது கவிதையில், இரண்டு மின்னல்களுக்கும் ஒரு கண்ணாடிக் குதிரைக்கும் நடுவே, கிணற்றடியில் ஓர் ஒற்றைச் செருப்பு காய்கிறது. அங்கே நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். யாருடைய செருப்பு அது? இன்னொன்று எங்கே? அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். பகலில் உட்கார்ந்து எழுதுங்கள்.