கிளைக்கோஜன் சேமிப்பு நோய் உள்ள குழந்தையோடு அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். ஆறு வருடமாக ஒரு நாள்கூட அதற்கு லீவு கிடையாது. நாங்கள் குடியாத்தம். மகளுக்கு எட்டு வயது.

அவளுக்கு இருப்பது கிளைக்கோஜன் சேமிப்பு நோயில் 1ஏ வகை. சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்து, வயிறு காலியாகும்போது ரத்தத்தில் விட வேண்டும். விடுவதற்கு ஒரு நொதி தேவை. அது இவளுக்கு வேலை செய்வதில்லை. பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது, திறக்கத்தான் முடியாது. குழந்தையில் வயிறும் கன்னமும் உப்பலாக இருந்ததைப் பார்த்து, "நல்லா ஊட்டி வளர்க்கிற" என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஒன்றரை வயதில் ஒரு விடியற்காலை வலிப்பு வந்த பிறகுதான், வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை வரை போய்த் தெரிந்துகொண்டோம்.

மருந்து என்னவென்றால், மளிகைக் கடை கார்ன் ஃப்ளார். கிண்டல் இல்லை. பச்சை மாவு குடலில் மெதுவாகக் கரைந்து, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸ் தரும். 1984இல் வெளியான வைத்தியம் இது. டாக்டர் எடைக்குக் கணக்குப் போட்டுத் தந்த அளவைத் தராசில் நிறுத்து, பச்சைத் தண்ணீரில் கலக்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கிறோம். சுடுதண்ணீர் ஊற்றினால் மாவு வெந்துவிடும், அப்புறம் சீக்கிரம் செரித்துவிடும். ஒரு முறை என் கணவர் மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கி வந்துவிட்டார். அது வேறு, இது வெள்ளை ஸ்டார்ச். பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

எல்லோரும் கேட்பது: சர்க்கரை குறைகிற பிள்ளைக்கு ஏன் இனிப்பு கூடாது? சீனியில் பாதி ஃப்ரக்டோஸ், பால் சர்க்கரையில் பாதி காலக்டோஸ். இரண்டும் கல்லீரலுக்குப் போய் அதே பூட்டிய கதவில்தான் நிற்கும். லாக்டிக் அமிலமும் கொழுப்பும் ஏறும். அதனால் பழம், பால், இனிப்பு எல்லாமே அவளுக்குக் கணக்குதான். ஆற்காடு மக்கன் பேடாவில் கோவாவும் உண்டு, பாகும் உண்டு. எங்கள் வீட்டுக்குள் அது வருவதே இல்லை. சர்க்கரை இறங்கினால் வெறும் குளுக்கோஸ் பவுடர்தான்.

மாவைவிட எனக்குப் பயம் "வெறும் வயிற்றில் வாங்க" என்கிற வார்த்தை. ஒரு பரிசோதனைக் கூடத்தில் அப்படிச் சொல்லி, எங்கள் முறை வருவதற்குள் பதினொரு மணியாகிவிட்டது. பிள்ளை வியர்த்துத் துவண்டு விழுந்தாள். அன்றிலிருந்து "பட்டினி போடக் கூடாது, வாந்தி எடுத்தால் உடனே குளுக்கோஸ் டிரிப்" என்று டாக்டர் எழுதித் தந்த கடிதம் என் பையிலும் அவள் பள்ளிப் பையிலும் இருக்கிறது. கேள்வி கேட்டவர் இதை மட்டுமாவது முதலில் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. என் கணவர் எனக்குத் தாய்மாமன். என் அம்மாவைப் பெற்ற பாட்டிதான் என் மாமியார். பாட்டியிடமோ தாத்தாவிடமோ இருந்த ஒரே மரபணுப் பழுது, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி என் பெண்ணிடம் சேர்ந்திருக்கிறது. எங்களுக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார் டாக்டர், மூத்தவன் தப்பினான். முதலில் பாட்டி கண்ணேறு என்றார், அப்புறம் கெங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டார். விவரம் புரிந்த நாளில் ஒன்றும் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை.

இப்போது அலாரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே கூடத்திலிருந்து பாட்டியின் குரல் வரும்: "ஏய், மணி ரெண்டாவப் போவுது, மாவக் கலக்கு."