ஜனாதிபதி விருது வாங்கினால் ரயில்வே வேலையா?

அன்புள்ள அக்கா,

போன வாரம் பாம்பனிலிருந்து பஸ் ஏறி வந்து, என் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "பிள்ள சாரணியர்ல ஜனாதிபதி விருது வரைக்கும் போகணுங்குது. போனா வேலை கிடைக்குமா, இல்ல படிப்பு கெட்டுப்போகுமா?" அன்று கூட்டம் அதிகம், அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி அது உறுத்தியது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். மகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

விருது வாங்கினால் ரயில்வேயில் வேலை என்று உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது பாதி உண்மை. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. ராஷ்டிரபதி விருது, அதாவது நாம் ஜனாதிபதி விருது என்று சொல்வது, அதற்கு ஒரு தகுதி. ஆனால் அது மட்டுமே போதாது. அண்மைய வருடங்களில் குறைந்தது 5 ஆண்டு இயக்கத்தில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். தேசிய அளவில் இரண்டு நிகழ்ச்சி, மாநில அளவில் இரண்டு நிகழ்ச்சி, இவற்றில் கலந்துகொண்ட சான்றிதழ் வேண்டும். லெவல் 1 எனும் அடிப்படைப் பணிக்குப் பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ போதும், அதற்கு மேலே உள்ள லெவல் 2 பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு: எழுத்துத் தேர்வு 60, சான்றிதழ்கள் 40. இடங்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வரும்போது விதிகளை முழுசாகப் படித்துவிட வேண்டும், போன தடவை விதி இந்தத் தடவையும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது.

நம் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் அந்த 5 ஆண்டுதான். என்னிடம் வந்த ஒரு பையன், பள்ளியிலேயே ஜனாதிபதி விருது வாங்கியவன். பத்தாவது முடிந்ததும் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான். இருபத்திரண்டு வயதில் ரயில்வே அறிவிப்பைப் பார்த்து ஓடி வந்தான். விருது கையில் இருக்கிறது, நடுவில் ஆறு வருடம் வெறுமை. அவனிடம் என்ன சொல்ல? உங்கள் மகள் இந்த வழியில் போவதானால் பள்ளியோடு நிறுத்த முடியாது. கல்லூரியில் ரேஞ்சர் பிரிவில், அதாவது பெரிய பெண்களுக்கான சாரணியர் பிரிவில் சேர்ந்து தொடர வேண்டும். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைர விழா ஜாம்பூரி மாதிரி பெரிய கூடல் வந்தால் பெயர் கொடுத்துவிட வேண்டும். அவையெல்லாம் தினமும் வருவதில்லை.

சரி, படிப்புக்கு இதனால் சலுகை உண்டா என்று கேட்டீர்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் என்று தனிப் பிரிவுகள் உண்டு, சாரணருக்கு இல்லை. போலீஸ் மாதிரி சீருடைப் பணியாளர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. அதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் சாரணியருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்.சி.சி. பிள்ளைகளும் சாரணியரும் சீருடை போட்டிருக்கிறார்கள், குழப்பம் வரத்தான் செய்யும்.

உங்கள் வீட்டுக்கு இந்த விருதைவிட அதிகம் உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்றீர்கள். பன்னிரண்டு வரை அங்கேயே படித்தால் மருத்துவத்திலும் இன்ஜினியரிங்கிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவளுக்கு வாய்ப்பு இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சொன்னீர்களே, அதை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். அப்புறம் அவளுடைய அப்பாவின் மீனவர் நலவாரிய அட்டையைப் பத்திரமாகப் புதுப்பித்து வையுங்கள். மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது தேவைப்படும். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நமக்குப் பக்கம்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, விருதுக்குப் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

காரணம், அன்று நீங்கள் காத்திருந்த நேரத்தில் நான் கவனித்த ஒரு காட்சி. உங்கள் பையின் கைப்பிடி அறுந்து தொங்கியது. மகள் தன் பையிலிருந்து ஒரு துண்டு நைலான் கயிறை எடுத்து, அறுந்த தடிமனான முனையை ஒரு மடிப்பு மடித்து, மெல்லிய கயிறை அதற்குள் நுழைத்துச் சுற்றி, அதே மெல்லிய கயிறின் அடியிலேயே செருகி இழுத்தாள். "இது ஷீட் பென்ட், இரண்டு வேற தடிமன் கயிறை இணைக்கிற முடிச்சு" என்று எனக்கு விளக்கம் வேறு. நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வலைக்கண்ணு முடிச்சுல்ல" என்றீர்கள். அவள் முகத்தைப் பார்த்தீர்களா? உண்மைதான் அக்கா. வலை பின்னும்போது ஒவ்வொரு கண்ணிலும் விழுகிற முடிச்சு அமைப்பில் அதேதான். அவள் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிய விஷயத்தை நீங்கள் பிழைப்பாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜனாதிபதி விருதுக்கான தேர்வில் அவளை உட்காரவைத்துக் கேட்பார்கள். நேர்முகத் தேர்வு எதிலும் கேட்பார்கள். அங்கே நிறையப் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் சொல்லும்: மரக்கன்று நட்டேன், பிளாஸ்டிக் பொறுக்கினேன். தப்பில்லை. ஆனால் கேட்பவர் நூறாவது முறையாகக் கேட்கிறார். இவளிடம் வேறு சரக்கு இருக்கிறது. நீங்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கப் போகிறவர். கரையில் யாருக்காவது காலில் திருக்கை முள் குத்தினால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மஞ்சள் அப்புவோம் என்றீர்கள். முதலில் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் காலை வைத்திருக்க வேண்டும், வலி வெகுவாகக் குறையும். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், முள் உள்ளே உடைந்து கிடக்கலாம். முதலுதவிப் பேட்ஜுக்கு அவள் படித்ததோடு இதையும் சேர்த்து, பாசி எடுக்கிற பத்துப் பெண்களுக்குச் செய்து காட்டட்டும். எந்தத் தேதியில், எந்தக் கரையில், யார் என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் தெரியாமல் விழித்தாள் என்று பதிவேட்டில் அவளே எழுதட்டும். கைடு கேப்டன், அதாவது சாரணியர் குழுவை நடத்தும் ஆசிரியை, சொல்லச் சொல்ல எழுதிய பதிவேடு இரண்டாவது கேள்வியிலேயே பல் இளித்துவிடும்.

நேரக் கணக்கு பற்றி. அவள் இப்போது ஒன்பதாவது, ஆளுநர் விருதுக்கான ராஜ்ய புரஸ்கார் முகாமை முடித்துவிட்டாள். அடுத்த படிக்கு நடுவில் சில மாதங்கள் கழிய வேண்டும் என்பதால் பத்தாவது நடுவில்தான் அது வந்து நிற்கும். சாரணியர் பிரிவு வயது தாண்டுவதற்குள் தேர்வை முடித்தால் போதும். அதனால் பத்தாவது ஆண்டில் வாரக் கூட்டத்துக்கு மட்டும் போகட்டும். முகாம், தேர்வு எல்லாம் பொதுத்தேர்வு முடிந்தபின் பதினொன்றில் வைத்துக்கொள்ளலாமா என்று கேப்டனிடம் நீங்களே நேரில் கேளுங்கள். இன்னொன்று பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வரவு இருக்காது. கோடை முகாம்கள் அந்த நேரத்தில்தான் வரும். பயணச் செலவை மார்ச்சுக்குள்ளேயே எடுத்து வையுங்கள், கந்துவட்டிக்குப் போகாதீர்கள்.

கணக்கில் 48 என்றாள். அது சாரணியர் இயக்கத்தால் வந்த 48 இல்லை. எட்டாவதிலும் அவ்வளவுதான் வாங்கியிருக்கிறாள், அட்டையைப் பார்த்தேன். ஆனால் அதை விடவும் முடியாது. மண்டபத்தில் கடலோரக் காவல் படைக் கப்பலைப் பார்த்து "அங்க ஆபீசரா போகணும்" என்கிறாள். அங்கே அதிகாரியாகச் சேரும் உதவிக் கமாண்டன்ட் பதவிக்குப் பட்டப்படிப்பு வேண்டும், பன்னிரண்டில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். பதினொன்றில் எந்தக் குரூப் என்ற முடிவு அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரண்டு மணி நேரம் என்றால், அன்று சாயங்காலம் இரண்டு மணி நேரம் கணக்கு. இந்த ஒரு நிபந்தனையை மட்டும் போடுங்கள், வேறு மிரட்டல் வேண்டாம்.

கடைசியாகச் சான்றிதழ். இது சின்ன விஷயமாகத் தெரியும், எனக்கு அப்படி இருக்கவில்லை. என்னுடைய பழைய சான்றிதழ் ஒன்றில் இனிஷியல் முன்னால் இருந்தது, பள்ளி ஆவணத்தில் பின்னால். ஒரு வேலைக்குச் சேரும்போது அந்த ஒற்றை எழுத்துக்காக மூன்று மாதம் அலைந்தேன். ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடும் பள்ளிப் பதிவோடும் வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அந்த மாதமே திருத்தக் கேளுங்கள். கலந்துகொண்ட ஒவ்வொரு முகாமுக்கும் சான்றிதழ் வாங்கி, இரண்டு நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். உப்புக்காற்றில் காகிதம் சீக்கிரம் பழுத்துப்போகும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், பின்பக்கம் யாராவது முத்திரை வைக்க வேண்டியிருந்தால் இடம் இருக்காது.

அடுத்த முறை வரும்போது முன்னாலேயே போன் செய்துவிட்டு வாருங்கள், காத்திருக்க வைக்க மாட்டேன். அவளுடைய பதிவேட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.