சிங்க்கின் அடியிலுள்ள டிஸ்போசரைக் கழற்றுவதற்கு முன்: கேள்வி பதில்

உணவுக்கழிவை அரைத்து வடிகாலில் விடும் டிஸ்போசரைக் கழற்றுவது பற்றிச் சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, குழாய் வேலையில் நெடுநாள் பழகியவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பிடோக்): அண்ணா, நாங்கள் வாங்கிய பழைய கொண்டோ வீட்டில் டிஸ்போசர் ஓடவில்லை. கழற்ற என்னென்ன கருவிகள் வேண்டும்?

பதில்: அது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். சத்தமே வராவிட்டால் அடிப்பகுதியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால், மின்சாரத்தைத் துண்டித்தபின் அடியில் நடுவிலிருக்கும் துளையில் கால் அங்குல ஆலன் கீயை (அறுகோண முனையுள்ள சாவி) செருகி இருபுறமும் அசைத்தால் சிக்கியிருக்கும் எலும்புத்துண்டு பெரும்பாலும் விடுபட்டுவிடும். அதன்பிறகும் கழற்றத்தான் வேண்டுமென்றால் டார்ச் விளக்கு, வாளி, பழந்துணி, ரப்பர் கையுறை, தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெரிய நட்டைப் பிடிக்கும் வாட்டர் பம்ப் பிளையர், சிங்க் துளையைச் சுற்றிக் கசிவைத் தடுக்கப் பூசிய பழைய புட்டியைச் சுரண்டும் தகடு ஆகியவை போதும்.

கேள்வி (ஈசூன்): எங்கள் வீட்டில் பிளக் இல்லை, வயர் சுவருக்குள் போகிறது. சுவிட்சை அணைத்தால் போதாதா?

பதில்: போதாது. இங்கே மின்சாரம் 230 வோல்ட். ஈரமான அலமாரிக்குள் படுத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. மூன்று முனைப் பிளக்காக இருந்தால் பிடுங்கி எடுத்துக் கண்ணெதிரே வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டைப் போல நேரடியாக வயர் கோத்திருந்தால், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து அந்த இணைப்பைப் பிரித்துப் பாதுகாப்பாக மூடித் தரச் சொல்லுங்கள். குழாய் வேலையை அதற்குப் பிறகு தொடங்குவதே முறை.

கேள்வி (சிராங்கூன்): தம்பி, வீட்டில் நான் ஒருத்திதான். கனத்தைத் தாங்க முடியுமா?

பதில்: அக்கா, சிறிய டிஸ்போசரே ஐந்தாறு கிலோ இருக்கும், பெரியது பத்துக் கிலோவைத் தாண்டும். படுத்த நிலையில் ஒரு கையால் பிடிப்பது மணிக்கட்டுக்கு ஆகாது. கவிழ்த்த வாளியின் மேல் பலகைகளை அடுக்கி, டிஸ்போசரின் அடிப்பாகம் அதில் உட்காரும்படி முட்டுக்கொடுத்துவிடுங்கள். அடுத்து பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் அதில் செருகியிருந்தால் அதையும், பிறகு வடிகால் குழாயையும் பிரியுங்கள். தேங்கிய நாற்ற நீர் கொட்டும் என்பதால் தட்டையான பாத்திரம் ஒன்றைக் கீழே வைத்திருப்பது நல்லது. சிங்க்கை ஒட்டிய வளையத்தில் பெரும்பாலும் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று பிடிகள் இருக்கும், அவற்றைக் காதுகள் என்போம். ஒரு காதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, எதிரிலிருந்து பார்க்கையில் இடப்பக்கமாகத் தள்ளினால் பூட்டு விட்டு, முழு எடையும் பலகையின் மேல் இறங்கும். அசையவே இல்லையென்றால் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து, சற்றுப் பொறுத்து, மெதுவாகத் தட்டித் திருப்புங்கள். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் இருந்தால் எனக்கு நிம்மதி.

கேள்வி (புக்கிட் பாஞ்சாங்): கழற்றியபின் அந்த ஓட்டையில் எதைப் பொருத்துவது?

பதில்: இதைக் கழற்றுவதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும், இல்லையேல் சமையலறை சிங்க் முடங்கிப்போகும். டிஸ்போசருக்கான சிங்க் துளை பொதுவாக ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் இருக்கும் என்றாலும், உங்களுடையதை அளந்து, அந்த அளவோடும் கைப்பேசியில் எடுத்த படத்தோடும் ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். கூடை வடிகட்டி, இறங்கு குழாய், பாட்டில் டிராப் (சிறிது நீரைத் தேக்கிவைக்கும் புட்டி வடிவ வடிகால் பகுதி), புதிய வாஷர்கள் ஆகியவற்றை வாங்குங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தால் பக்கவாட்டு இணைப்புள்ள குழாயாகக் கேளுங்கள். டிராப்பில் தேங்கும் நீரே சாக்கடை வாடையைத் தடுப்பதால் அதை விட்டுவிடாதீர்கள். வேலை முடியும்வரை திறந்த வடிகாலில் துணியைத் திணித்து வையுங்கள்.

கேள்வி (செம்பவாங்): பழைய டிஸ்போசரைக் குப்பைக் குழாயில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த எடை மாடியிலிருந்து விழுந்தால் குழாயும் சேதமாகும், அடைத்தும்கொள்ளும். மோட்டாரில் உலோகம் இருப்பதால் பழைய பொருள்களை வாங்கிச் செல்லும் காராங்கூனிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.