வாசகர் கேள்வி: லேபிளில் கறிவேப்பிலைக்கு இடம் இல்லையா?

கேள்வி: இரண்டு ஏக்கரில் செங்காம்பு கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். கொழுந்தில் சாறு உறிஞ்சும் பூச்சி அண்டி, இலை சுருண்டு பிசுபிசுக்கிறது. மருந்துக்கடையில் பருத்திக்கும் மிளகாய்க்கும் உள்ளதையே எடுத்துக் கொடுக்கிறார்கள். சென்ற முறை வெளிநாட்டுக்குப் போன சரக்கு, மருந்து எச்சம் இருப்பதாகச் சொல்லித் திரும்பி வந்துவிட்டது. எங்கள் பயிருக்கென்று மருந்து ஏன் வருவதில்லை, ஐயா?
– வாசகர், காரமடை

பதில்: அடுத்த முறை புட்டியைக் கையில் வாங்கியதும் லேபிளைப் படித்துப் பாருங்கள். பயிரின் பெயர், பூச்சியின் பெயர், ஏக்கருக்கு எவ்வளவு, தெளித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிசையில் கறிவேப்பிலை இல்லை என்றால், உங்கள் பயிருக்கென்று அந்த மருந்தை யாரும் முறைப்படி சோதித்துப் பதிவு செய்யவில்லை என்று பொருள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்கிறார்கள். அதற்கு வயல் சோதனையும் எச்ச ஆய்வும் பல இடங்களில், பல பருவங்களில் செய்து காட்ட வேண்டும். இந்தச் செலவை நெல்லிலும் பருத்தியிலும் மீட்டுவிடலாம் என்பதால் நிறுவனங்கள் அங்கே முதலீடு செய்கின்றன. சில ஆயிரம் ஏக்கரில் விளையும் பயிருக்காக அதே செலவைச் செய்ய அவை முன்வருவதில்லை. இதில் உங்கள் தவறு எதுவுமில்லை.

சரக்கு திரும்பிய காரணமும் இதனுடன் சேர்ந்ததே. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பயிருக்கு ஒரு மருந்தின் எச்ச வரம்பு தனியாக நிர்ணயிக்கப்படாதபோது, பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவே பொருந்தும். ஒரு டன் இலைக்கு வெறும் பத்து மில்லிகிராம்! மிளகாயில் நாம் பறிப்பது காயை. கறிவேப்பிலையிலோ மருந்து படிந்த இலையே நேராகச் சமையலறைக்குப் போகிறது. ஆகவே மிளகாய்க்குச் சொன்ன காத்திருப்பு நாள்களை இதற்கு நம்ப முடியாது.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை அடைக்க 1963இல் ஐஆர்-4 என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். எந்தப் பூச்சிக்கு மருந்து தேவை என்பதை விவசாயிகள் கேட்கிறார்கள். பொதுப்பணத்தில் பல்கலைக்கழகங்களின் வயல்களில் சோதனை நடத்தி, எச்சத்தை ஆய்வகத்தில் அளந்து, அந்தத் தரவை அரசின் பதிவு அமைப்பிடம் தருகிறார்கள். ஒத்த பயிர்களைத் தொகுத்து, அவற்றில் ஒன்றிரண்டில் கிடைத்த தரவைத் தொகுப்பு முழுவதற்கும் பயன்படுத்துவதால் செலவும் குறைகிறது. நம் நாட்டிலும் பயிர்த்தொகுப்பு முறைக்கான முயற்சி நடந்திருக்கிறது. ஆனால் தரவைத் திரட்டும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லாதவரை, தொகுப்பில் பெயர் இருப்பதால் மட்டும் உங்கள் கொழுந்து காப்பாற்றப்படாது. சிறு பயிருக்கான ஆய்வைப் பொதுச்செலவில் செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வுக்கான அகில இந்திய வலைப்பின்னல் திட்டத்தின் மையம் இருக்கிறது. உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாக அங்கே மனுக் கொடுங்கள். எந்தப் பூச்சி, எந்த மாதத்தில், எத்தனை ஏக்கரில், எத்தனை நாளுக்கு ஒருமுறை அறுக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். சோதனையைத் திட்டமிட அவர்களுக்கு இந்த விவரங்கள் தேவைப்படும்.

அதுவரை, சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, இரவு முழுதும் பத்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, நூறு லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். பூச்சி கண்ணில் பட்டதும் தொடங்கினால்தான் பலன் தெரியும்.

கேள்வி: பருத்தி மருந்தையே பாதி அளவில் அடித்தால் எச்சம் வராதல்லவா?
– வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: வரும், அம்மா. பாதி அளவிலும் 0.01 மில்லிகிராமைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். அதோடு, குறைந்த அளவுக்குத் தப்பிப் பிழைக்கும் பூச்சிகளின் வாரிசுகளுக்கு, நாளடைவில் முழு அளவும் பலிக்காமல் போய்விடும்.