வாள் பழகுபவருக்கு மல்யுத்தம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒரு வருடமாக ஐரோப்பிய நீளவாள் பழகுகிறேன். இதற்கு மல்யுத்தம் எதற்கு?

பதில்: இரண்டு வாளும் குறுக்கே மாட்டி, இருவரும் முன்னே தள்ளும் நொடியை நினைத்துப் பாருங்கள். வீச இடமிருக்காது. எதிராளியின் கைப்பிடியோ உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த நொடி சொந்தம். 1400-களின் தொடக்கத்தில் எழுதிய இத்தாலிய ஆசான் ஃபியோரே, பாடத்தை வெறுங்கை மல்யுத்தத்தில்தான் தொடங்குகிறார். குத்துவாள் அடுத்தது, நீளவாள் அதற்கும் அப்புறம்.

கேள்வி: முதலில் எந்த வீழ்த்தலைக் கற்பது?

பதில்: எதுவும் வேண்டாம், முதலில் விழப் பழகுங்கள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், முதுகை வளைத்து உருளுங்கள். எக்காரணம் கொண்டும் கையைத் தரையில் ஊன்றாதீர்கள். முதல் மாதத்தில் என் மணிக்கட்டு சுளுக்கியது அப்படித்தான், ஆறு வாரம் வாளையே தொட முடியவில்லை. விழும் பயம் போனால் கால்கள் தானாக இலகுவாகும். அதன் பிறகு நிலை, அக்குளுக்கடியில் கை நுழைத்துப் பிடிப்பது, எதிராளியின் சமநிலையைக் கலைப்பது, இந்த மூன்றும் போதும்.

கேள்வி: வாளோடு சேர்ந்த பிடி ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: பழைய ஜெர்மானிய வாள் ஆசான் லீக்டெனவரின் மரபில் 'துர்க்லாஃபன்' என்று ஒன்று உண்டு, ஊடே ஓடுதல் என்று பொருள். எதிராளி கைகளை உயர்த்தி மேலிருந்து அழுத்துகிறார். எதிர்த்துத் தள்ளாதீர்கள். வாளிலிருந்து வலது கையை எடுத்துவிடுங்கள். இடது கை, கைப்பிடியின் முனையிலுள்ள குமிழைப் பிடித்தபடி தலைக்கு மேலே போகட்டும், வாள் முதுகுப்பக்கம் தொங்கட்டும். அவருடைய வலது கைக்கு அடியில் தலையை நுழைத்து, உங்கள் வலது காலை அவர் வலது காலுக்குப் பின்னால் வையுங்கள். வலது கையால் அவர் உடலை முன்புறமாக வளைத்துப் பிடித்து, உங்கள் இடுப்பின் மேல் சாய்த்துவிடுங்கள். கை முன்னே, கால் பின்னே, அவ்வளவுதான் சூட்சுமம். முதலில் வாளில்லாமல், பாய் விரித்து நூறு முறை செய்யுங்கள்.

கேள்வி: சார், எனக்கு வயது 46. பக்கத்தில் ஜூடோ வகுப்புதான் இருக்கிறது. போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். விழும் பயிற்சியை ஜூடோ நன்றாகவே தரும். தரையில் உருண்டு பிடிப்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம், நின்ற நிலை வீழ்த்தல்களே உங்களுக்குத் தேவை. வயதை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய ஏடுகளில் உள்ள கை முறிக்கும் பிடிகள்?

பதில்: அவை உயிர்ப் போராட்டத்துக்கானவை. விளையாட்டு மல்யுத்தம் வேறு, கோபத்தில் செய்வது வேறு என்று ஃபியோரேயே பிரித்துச் சொல்கிறார். பழகினால் மெதுவாக மட்டும் பழகுங்கள், துணைவர் 'போதும்' என்று கையால் தட்டியதும் விட்டுவிடுங்கள்.